ரெண்டாம் முட்டு

ரயில் பெட்டியின் ஜன்னல் கம்பியை ஐந்து நிமிடம் பிடித்திருந்துவிட்டு உள்ளங்கையை முகர்ந்து பார்த்தால் ஒரு வாசனை வரும். துருவும் வியர்வையும் நிலக்கரிப் புகையும், நமக்கு முன்னால் அந்தக் கம்பியைப் பிடித்தவர் தின்ற புளிசாதமும் ஒன்றாகக் கலந்த வாசனை. சோப்புப் போட்டுக் கழுவினாலும் அன்றைக்கு முழுக்கப் போகாது. ஒன்பது வயதில் எனக்குப் பயணம் என்றால் அந்த வாசனைதான். ஏனென்றால் வண்டியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்வேனே தவிர, வண்டி புறப்படுவதற்குள் இறங்கிவிடுவேன். புதுச்சேரி ஸ்டேஷனில் நூறு தடவையாவது ரயில் ஏறியிருக்கிறேன். ஒரு தடவைகூட எங்கேயும் போனதில்லை.

எங்கள் வீடு உப்பளத்தில், ஸ்டேஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு சந்தில் இருந்தது. மில் சங்கும் ரயில் சத்தமும்தான் எங்களுக்குக் கடிகாரம். ஸ்டேஷன் என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரு நீளக் கட்டிடம், ஓட்டுக் கூரை, மூன்று வேப்ப மரங்கள், வந்த வண்டியெல்லாம் மூச்சு வாங்கிவிட்டு வந்த வழியே திரும்பிப் போகும் ஒரு பிளாட்பாரம். எங்கள் ஊர் கடைசி ஸ்டேஷன். தண்டவாளம் முடியும் இடத்தில் ஒரு மண்மேடும் சிவப்புப் பலகையும் இருக்கும். அதற்கப்புறம் எருக்கஞ்செடி, அதற்கப்புறம் வம்பாகீரப்பாளையத்து மீன் வலைகள், அதற்கப்புறம் கடல். இதற்கு மேல் ரயில் போக வேண்டுமென்றால் நீந்தத்தான் வேண்டும்.

இந்த ஸ்டேஷனின் வரலாற்றை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. போர்ட்டர் எத்திராசு சொல்லிக் கேட்டேன். அவருடைய அப்பாவும் இதே பிளாட்பாரத்தில் மூட்டை தூக்கியவர் என்பதால், பிரெஞ்சுக்காரன் காலத்துக் கதைகளெல்லாம் அவருக்குச் சொத்தாக வந்திருந்தன. தண்டவாளம் வெள்ளைக்காரனுடையது, ஊர் பிரெஞ்சுக்காரனுடையது. நடுவில் இரண்டு ராஜ்ஜியமும் மாறி மாறி வரும். அதனால் ரயிலில் வருகிறவர்களையும் போகிறவர்களையும் நிறுத்திச் சோதனை போட சுங்கக்காரர்கள் நிற்பார்கள். அவர்களை ஊரில் "துவான்" என்பார்கள். இங்கே சீமைச் சரக்கு மலிவு. பட்டுத்துணி, கைக்கடிகாரம், சென்ட் பாட்டில், சாராயம் எல்லாவற்றையும் உடம்பில் சுற்றிக்கொண்டு எல்லை தாண்டுவார்கள். "காலைல ஒல்லியா வந்து எறங்குன பொம்பள சாயங்காலம் குண்டாயி வண்டி ஏறும்டா. எங்கப்பாரு பார்த்தவுடனே சொல்லிடுவாராம், இது சாப்பிட்டு ஏறுன ஒடம்பு இல்ல, சுத்தி ஏறுன ஒடம்புன்னு" என்பார் எத்திராசு. அந்தக் கதைகளில் எவ்வளவு நிஜம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் ஸ்டேஷனில் எதையாவது ஒளித்து வைத்துக்கொண்டு வண்டி ஏறுவது பரம்பரை வழக்கம் என்ற தைரியம் எனக்கு அங்கேதான் வந்தது.

இப்போது முட்டுக் கதைக்கு வர வேண்டும். கடைசி ஸ்டேஷன் என்பதால் வண்டி வந்து நிற்கும்போது எஞ்சின் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். திரும்பிப் போக வேண்டுமென்றால் அதைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியாகச் சுற்றிக் கொண்டுபோய், மேற்குப் பக்கம் வாலாக இருந்த பெட்டியில் மாட்ட வேண்டும். கழற்றுவதற்கு முன்னால் கொக்கி தளர வேண்டுமென்று எஞ்சினை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளுவார்கள். பெட்டிகளெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று இடித்துக்கொண்டு "தட தட தட்" என்று குலுங்கும். அது மொத முட்டு. அப்புறம் எஞ்சின் சுற்றி வந்து மறுபக்கம் மாட்டும்போது இன்னொரு குலுக்கல். அது ரெண்டாம் முட்டு. அதற்கப்புறம்தான் மணி அடிக்கும், கொடி காட்டுவார்கள், வண்டி நகரும்.

இதை வைத்து எங்கள் ஊரில் ஒரு வழக்கமே உண்டாகியிருந்தது. வழியனுப்ப வந்தவர்கள் பிளாட்பாரத்தில் நின்று கையாட்டமாட்டார்கள். குடும்பத்தோடு பெட்டிக்குள் ஏறி, போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்த பலகாரத்தில் பாதியைத் தாங்களே தின்று, அழ வேண்டியதை அழுது, ரெண்டாம் முட்டு வந்த பிறகு சாவகாசமாக எழுந்து இறங்குவார்கள். மொத முட்டுக்கே பதறிக்கொண்டு இறங்கினால் அவர் வெளியூர் என்று அர்த்தம். "உக்காருங்க, இன்னும் ரெண்டாம் முட்டு வரல" என்பது எங்கள் ஊர் உபசாரம். வீட்டுக்கு வந்த விருந்தாளி சீக்கிரம் கிளம்பினால்கூட அதைத்தான் சொல்வார்கள்.

இந்த முட்டு சாஸ்திரத்தில் நான் பண்டிதன். பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டேஷனுக்கு ஓடி, நிற்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்து, யார் யாரையோ வழியனுப்புகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மொத முட்டுக்கு வாரிச் சுருட்டிக்கொண்டு எழுகிற வெளியூர்க்காரர்களிடம், "இது மொத முட்டுதான், ஒக்காருங்க" என்று அதிகாரம் செய்வேன். அப்படிச் சொல்லி முறுக்கு வாங்கித் தின்றிருக்கிறேன். அந்த அதிகாரம்தான் பிற்பாடு என் மானத்தை வாங்கியது.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் "சொல்தா"வாக இருந்தவர். அந்த வழியில் அப்பாவிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தது. அம்மாவிடமும் என்னிடமும் ரேஷன் கார்டு இருந்தது. ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, நாங்கள் இரண்டு நாட்டுக்காரர்கள். அப்பா நல்ல சிரிப்புக்காரர். பவுடர் போட்டு, சென்ட் அடித்து, தெருவில் நடந்தால் பத்து பேர் நின்று பேசுவார்கள். என்னை "மோன் பெத்தி" என்றுதான் கூப்பிடுவார். என் குட்டி என்று அர்த்தம். எந்த வேலையிலும் ஆறு மாதத்துக்கு மேல் இருந்ததில்லை. கடைசியில் பிரான்சில் தன் கூட்டாளி ஒருவர் வேலைக்கு வழி செய்திருக்கிறார் என்றும், போய் ஒரு வீடு பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டுக்கொள்வதாகவும் சொன்னார்.

அம்மா அதை நம்பினாள். நான் நம்பவில்லை. எனக்கு ஞானம் அதிகம் என்று அர்த்தமில்லை. பயம் அதிகம். அந்த வயதில் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். பல்லிக்குப் பயம், மில் சங்குக்குப் பயம், கணக்கு வாத்தியாரின் இருமலுக்குப் பயம். அப்பா பெட்டி கட்டத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு வயிற்றுப்போக்கு. இவர் போனால் வரமாட்டார் என்று என் குடலுக்குத் தெரிந்திருந்தது; தலைக்குத் தெரிய இன்னும் சில வருடங்கள் ஆயின.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். அப்பா மத்தியான வண்டியில் விழுப்புரம் போய், அங்கே வண்டி மாறி, மறுநாள் மெட்ராஸில் விமானம் ஏற வேண்டும். நான் அவருடைய சீட்டுக்கு அடியில் படுத்துக்கொள்வேன். ரெண்டாம் முட்டு வந்து, எல்லோரும் இறங்கி, வண்டி வில்லியனூரைத் தாண்டிய பிறகு வெளியே வருவேன். என்னிடம் டிக்கெட் இல்லை, பாஸ்போர்ட் இல்லை, சட்டைப் பையில் இரண்டு கொய்யாக்காய் மட்டும். ஒன்பது வயதுப் பையனை நடுவழியில் விட முடியாது. திரும்பக் கொண்டுவந்து வீட்டில் சேர்த்தாக வேண்டும். அதற்குள் விமானம் போய்விடும். விமானம் போய்விட்டால் அப்பா உப்பளத்திலேயே இருப்பார். பிரான்சுக்குப் போக எனக்கு ஆசையே இல்லை. அப்பாவைத் தவறவிட வைப்பதுதான் நோக்கம். இன்றைக்கு யோசித்தாலும் அதில் ஒரு ஓட்டை எனக்குத் தெரியவில்லை. திட்டம் அருமை. திட்டம் போட்டவன்தான் சரியில்லை.

அந்த மத்தியானம் வண்டி தாமதமாக வந்தது. பெட்டி, படுக்கை, அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி, வடகம் கட்டிய துணி மூட்டை, எல்லாவற்றையும் எத்திராசு தலையிலும் தோளிலும் தூக்கிவந்து ஏற்றினார். எங்கள் சந்தில் பாதிப் பேர் பெட்டிக்குள் இருந்தார்கள். அப்பா நடுவில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஆளுக்கொரு வாக்கு கொடுத்துக்கொண்டிருந்தார். இவருக்கு ரேடியோ, அவருக்குக் கம்பளிச் சட்டை, இன்னொருவர் மகனுக்கு வேலை. இந்தச் சந்தடியில் நான் சீட்டுக்கு அடியில் நுழைந்தேன்.

சீட்டுக்கு அடியில் இருந்து பார்த்தால் மனிதர்கள் வெறும் கால்கள். அம்மாவின் கால், வெள்ளி மெட்டி, வெடித்த குதிகால். அப்பாவின் கால், பாலிஷ் போட்ட புது ஷூ. கடலைத் தோல், பீடித்துண்டு, எண்ணெய்க் கறை, எப்போதோ யாரோ துப்பிய வெற்றிலை. வண்டி வந்து ரொம்ப நேரம் ஆகிவிட்டதால் மொத முட்டு நாங்கள் ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அன்றைக்கு எஞ்சின் ஓட்டுகிறவர், வந்த களைப்பில் எஞ்சினைக் கழற்றவிடாமல் டீ குடிக்கப் போய்விட்டார் என்பது எனக்குத் தெரியாது. பண்டிதர்கள் இப்படித்தான் விழுவார்கள்.

முதல் ஐந்து நிமிடம் வீரமாக இருந்தேன். பிறகு கொய்யாக்காய் தொடையில் குத்தியது. மூக்கில் தூசி. விழுப்புரம் எப்படி இருக்கும் என்று யோசித்தேன், தெரியவில்லை. மெட்ராஸ்? அதுவும் தெரியவில்லை. அப்பா கோபத்தில் என்னை விழுப்புரத்திலேயே போலீஸில் ஒப்படைத்துவிட்டால்? ஒன்றுக்கு வந்தால்? அம்மா என்னைக் கடலில் தேடினால்? அந்த நேரத்தில்தான் "தட தட தட்" என்று பெட்டி குலுங்கியது.

ரெண்டாம் முட்டு. அடுத்து மணி. அடுத்து வண்டி நகரும். இத்தனை நாள் காத்திருந்தது இதற்காகத்தான். நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுமே செய்யாமல் படுத்திருப்பது.

என் உடம்பு என்னிடம் கேட்காமல் வெளியே வந்தது. கால்களுக்கு நடுவே தவழ்ந்து, யாருடைய முறுக்கு டின்னையோ கவிழ்த்து, ஒரு கிழவரின் வேட்டியை மிதித்துப் பாதி அவிழ்த்து, கதவுக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன். ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தால் வண்டி போகிற திசையிலேயே ஓட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரத்துக்கு அடியில் போய்விடுவோம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் இரண்டு குட்டிக்கரணம் போட்டு எழுந்து மேற்குப் பார்த்து ஓடினேன். பிளாட்பாரம் முழுக்க "ஐயோ, அம்மா" என்று கத்திக்கொண்டே ஓடினேன். திரும்பிப் பார்த்தால் வண்டி அப்படியே நிற்கிறது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் என்னைப் பார்க்கின்றன. அந்த நேரத்தில் அடுத்த தண்டவாளத்தில், எந்தப் பெட்டியும் இல்லாமல் தன்னந்தனியாக, எஞ்சின் புஸ் புஸ் என்று என்னைத் தாண்டி மேற்கே போனது. ஓட்டுகிறவர் டீ கிளாஸைக் கையில் வைத்தபடி எட்டிப் பார்த்து, "இன்னாடா தம்பி, ரேஸா?" என்றார்.

மொத முட்டு. வண்டியில் எஞ்சினே இல்லை. அகில உலகத்திலும் எஞ்சின் இல்லாத வண்டியிலிருந்து உயிருக்குப் பயந்து குதித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அம்மா இறங்கி ஓடி வந்தாள். முழங்கையில் தோல் வழன்றிருந்ததைப் பார்த்தாள், முதுகில் ஒன்று வைத்தாள், அப்புறம் அவளாலேயே தாங்க முடியவில்லை. "எஞ்சினே மாட்டலடா வெங்காயம்! எங்கடா போவும் வண்டி?" என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். எத்திராசு பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சிரித்தார். "ஊருக்கெல்லாம் முட்டு சொன்ன வாத்தியாரே, உனக்கு யாரு சொல்றது?" வண்டி கிளம்ப இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மறுபடியும் ஏறி ஒளிந்துகொள்ள தாராளமான நேரம். ஆனால் என் மணிக்கட்டு இப்போது அம்மாவின் கையில் இருந்தது.

உண்மையான ரெண்டாம் முட்டு வந்தது. எல்லோரும் சாவகாசமாக இறங்கினார்கள். அப்பா ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கை நீட்டி என் தலையைக் கலைத்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "போய் வரட்டா, வீரரே?" என்றார். வண்டி வளைவில் திரும்பும் வரை சிரித்துக்கொண்டே கையாட்டினார். நான் கடைசியாகப் பார்த்த அப்பாவின் முகம் சிரித்த முகம். சிரிக்க வைத்தது நான்.

முதல் வருடம் மாதம் ஒரு நீலக் கடிதம் வந்தது. ஒவ்வொன்றிலும் கடைசி வரி எனக்கு: "எஞ்சின் இல்லாத வண்டியிலிருந்து குதித்த வீரனுக்கு முத்தங்கள்." இரண்டாம் வருடம் புதுவருட வாழ்த்து அட்டை மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அம்மா பிரெஞ்சு பென்ஷன்காரர் வீடு ஒன்றில் சமையல் வேலைக்குப் போகத் தொடங்கினாள். அந்த வீட்டு மதாம் ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "ஒங் கல்யாணத்த கொன்சுலேட்டுல பதிஞ்சாரா? லிவ்ரே இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். லிவ்ரே என்றால் குடும்பத்தாரின் பெயரெல்லாம் எழுதிய சின்னப் புத்தகம். எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரரைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்குக் கோயிலில் கட்டிய தாலி போதாது. அந்தப் புத்தகத்தில் பெயர் ஏற வேண்டும். அம்மா கேட்ட போதெல்லாம் அப்பா "அடுத்த வாரம்" என்றிருக்கிறார். பத்து வருடம் அடுத்த வாரம். ஆக, அந்த மத்தியானம் கோட்டு போட்டுக்கொண்டு வண்டி ஏறியவர் காகிதப்படி கல்யாணம் ஆகாதவர். பிளாட்பாரத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் காகிதப்படி யாரோ. பிற்பாடு அவர் அங்கே ஒருத்தியை முறைப்படி கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார் என்ற செய்தி விடுமுறைக்கு வந்த யாரோ மூலமாக வந்தது. அவர் இறந்த செய்தியும் அப்படித்தான், யாரோ மூலமாக.

அம்மா வாய்விட்டு எதுவும் சொன்னதில்லை. ஆனால் மத்தியான வண்டி வந்து மொத முட்டுச் சத்தம் சந்துக்குள் கேட்கும்போது, அவள் வீட்டில் இருந்தால், செய்துகொண்டிருக்கிற வேலை ஒரு நிமிடம் நிற்கும். அம்மிக்குழவி நிற்கும், துடைப்பம் நிற்கும். ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடக்க எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் காது வாசலில் இருக்கும். பிறகு வேலை தொடரும். நீராவி எஞ்சின் போய் டீசல் வந்தது, நான் மீசை வைத்தேன், எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அம்மிக்குப் பதில் மிக்ஸி வந்தது, மிக்ஸியும் அந்த ஒரு நிமிடம் நின்றது.

அப்புறம் ஒருநாள் அகலப் பாதை போடப் போகிறோம் என்று பழைய தண்டவாளத்தைப் பிடுங்கத் தொடங்கினார்கள். ஸ்டேஷனுக்கு வண்டியே வரவில்லை. நான் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன், "லைனையே புடுங்கிட்டாங்கம்மா." அம்மா எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, "இனிமே வந்தாலும் பஸ்ஸுலதான் வரணும்" என்றாள். அவ்வளவு வருடத்தில் அவள் காத்திருந்ததை ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். புதுப் பாதையில் வண்டி ஓடத் தொடங்குவதற்குள் அவள் போய்விட்டாள்.

எஞ்சின் இல்லாத வண்டியிலிருந்து குதித்த கதையை நான் இத்தனை வருடமாகச் சொல்லிவருகிறேன். கல்யாண வீட்டில், கடையில், சாவு வீட்டில்கூட. அந்த "ஐயோ, அம்மா"வை ஓடிக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஏன் சீட்டுக்கு அடியில் போனேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு இருபது நிமிடம் பயப்படாமல் படுத்திருந்தால் அப்பா ஊரோடு இருந்திருப்பார், அம்மா அடுத்தவர் வீட்டில் அடுப்பு ஊதியிருக்க மாட்டாள், எல்லாம் என்னால் என்று ஒரு கணக்கு எனக்குள் இருந்தது. அந்தக் கணக்கை நான் யாருக்கும் காட்டவில்லை, அம்மாவுக்கும்.

கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நோயாளிகளின் ஆதார் அட்டையையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் நகல் எடுத்தே என் வயது போய்விட்டது. சென்ற வருடம் ஒருநாள் ஒரு கிழவர் பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, ரயில்வே போர்ட்டர் லைசென்ஸின் நைந்த காகிதத்தை நீட்டினார். பெயரைப் படித்தேன். எத்திராசு. நான் யார் என்று சொல்வதற்குள் அவரே என் முழங்கையைப் பார்த்துவிட்டார். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

"டேய்! எஞ்சின் இல்லாத வண்டியில இருந்து குதிச்சவன்தான நீ?"

சிரித்துச் சிரித்து இருமினார். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். பேரனுக்குக் கதையை அவரே நடித்துக் காட்டினார், என்னைவிட நன்றாக. பிறகு டீயை உறிஞ்சிக்கொண்டே, மிச்சக் கதையையும் அதே சிரிப்போடு சொன்னார்.

"உங்கப்பாரு பலே ஆளுடா. நீ அடியில போயி பூந்ததை அப்பவே பார்த்துட்டாரு. என்னைக் கிட்ட கூப்ட்டு காதுல சொன்னாரு, 'எத்திராசு, புள்ள சீட்டுக்கு அடியில கீறான். இப்ப ஒண்ணும் சொல்லாத, அழுவான். ரெண்டாம் முட்டு வந்ததும் காலைப் புடிச்சி இழுத்து அவங்கம்மா கையில குடுத்துடு'ன்னு. ஒரு பாக்கெட்டு சீமை சிகரெட்டு குடுத்தாரு. நீதான் அதுக்கு முன்னாலயே பாஞ்சிட்ட. எனக்கு இழுக்கற வேலை மிச்சம்."

நானும் சிரித்தேன். நகல் எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு மிஷினில் காகிதம் சிக்கிக்கொண்டது என்று கடையை ஒரு மணி நேரம் மூடி வைத்தேன். காகிதம் ஒன்றும் சிக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். என் பயம்தான் அப்பாவை அனுப்பியது என்று நாற்பது வருடத்துக்கு மேல் நம்பியவன் நான். அந்த நம்பிக்கையில் குற்றம் இருந்தது, ஆனால் ஒரு பெருமையும் இருந்தது. ஒன்பது வயதில் ஒரு விமானத்தை நிறுத்துகிற சக்தி எனக்கு இருந்தது, பயத்தினால் விட்டுவிட்டேன் என்கிற பெருமை. எத்திராசு ஒரு டீயில் அதைக் கரைத்துவிட்டார். நான் குதித்திருந்தாலும் ஒன்று, குதிக்காவிட்டாலும் ஒன்று. என் காலைப் பிடித்து இழுக்க ஏற்கெனவே ஆள் ஏற்பாடாகியிருந்தது, ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு. சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவருக்கு நான் அடியில் இருப்பது தெரியும்; எதற்கு இருக்கிறேன் என்பதும் தெரியாமலா இருந்திருக்கும்? பாலிஷ் போட்ட அந்த ஷூ ஒரு அங்குலம்கூட என் பக்கம் நகரவில்லை.

போன மாதம் என் மகள் கயல் தில்லியில் வேலை கிடைத்துக் கிளம்பினாள். இப்போதெல்லாம் எங்கள் ஸ்டேஷனிலிருந்தே தில்லிக்கு நேராக வண்டி இருக்கிறது. நான் வழக்கம்போல இரண்டு மணி நேரம் முன்னதாகவே எல்லோரையும் கிளப்பிவிட்டேன்; என் மனைவி, "ஸ்டேஷன இன்னும் தொறந்திருக்க மாட்டாங்க" என்றாள். பழைய மஞ்சள் கட்டிடத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு வைத்து ஏதோ கட்டிக்கொண்டிருந்தார்கள். வேப்ப மரங்களில் ஒன்றுகூட இல்லை. போர்ட்டரின் சிவப்புச் சட்டை ஒன்றும் கண்ணில் படவில்லை. எல்லோருடைய பெட்டிக்கும் சக்கரம் இருக்கிறது. கயலுக்கு ஏசி பெட்டி. ஜன்னலுக்குக் கம்பி இல்லை, மூடிய கண்ணாடி. தொட்டுவிட்டு முகர்ந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை.

மனைவி முழங்கால் வலி என்று கீழேயே நின்றாள். நான் ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். சார்ஜர் எடுத்தாயா, மாத்திரை எடுத்தாயா என்று கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா, டைம் ஆச்சு, எறங்கு" என்றாள். "இரு, இன்னும் ரெண்டாம் முட்டு வரல" என்றேன். என் வாயிலிருந்து அது தானாக வந்தது. அவள் சிரித்தாள்; குதித்த கதை அவளுக்கு மனப்பாடம். நான் காத்திருந்தேன். மின்சார எஞ்சினை நாங்கள் வருவதற்கு முன்பே மாட்டி வைத்திருந்தார்கள். மொத முட்டும் இல்லை, ரெண்டாம் முட்டும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே என் மனைவி கையைக் காட்டி ஏதோ கத்தினாள், சத்தம் கேட்கவில்லை. அவள் மெதுவாகப் பின்னால் போனாள். அவள் ஏன் பின்னால் நடக்கிறாள் என்று நான் யோசித்தேன்.

கயல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா! வண்டி போவுது! குதிச்சிடாத!" என்றாள்.

குதிக்கவில்லை. காலில் பலம் இல்லை என்பதுதான் உண்மை. வீரம் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். பயம் அதே பயம், ஒன்பது வயதுப் பயம். ஆனால் இந்தத் தடவை உட்கார்ந்திருந்தேன். வில்லியனூர் போயிற்று. என் திட்டப்படி நான் வெளியே வர வேண்டிய இடம். டிக்கெட் பரிசோதகர் வந்து என்னைப் பார்த்து, "நீங்க எங்க போறீங்க?" என்றார். அப்பாவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போக வந்தேன் என்று சொல்ல வாய் வந்தது. "மகள வழியனுப்ப வந்தேன் சார்" என்றேன். அவர் என் தலை நரையைப் பார்த்து, விழுப்புரத்தில் இறங்கிவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

விழுப்புரத்தில் இறங்கினேன். கயல் கதவில் நின்று கையாட்டினாள். சிரிக்கவில்லை, அழுதாள், அது எனக்குப் போதுமாக இருந்தது. பிறகு ஸ்டேஷனுக்கு வெளியே வந்து விசாரித்தேன். புதுச்சேரிக்கு அடுத்த ரயில் சாயங்காலம்தான் என்றார்கள்.

பஸ்ஸில்தான் வந்தேன், அம்மா.